வண்டி நிக்க மாட்டேங்கு

நான் வேலை பார்த்த பாளையங்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் போன மாதம் ஒரு ஸ்கேனர் வாங்கினார்கள். வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள், போனேன். ஒரு வயரைச் செருகினால் வண்டி தன் நோவைத் தானே எழுத்தில் சொல்லிவிடுகிறது. நல்ல சாமான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த காலத்தைப் பொற்காலம் என்று சொல்லுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கெல்லாம் முதுகுவலி வந்ததில்லை போல.

டீ குடிக்கும்போது அங்குள்ளவர்கள் கேட்டார்கள், உங்க சர்வீஸ்ல ரொம்பப் படுத்துன வண்டி எது அண்ணாச்சி என்று. ஏதோ ஒரு பீட் பம்ப் கதையைச் சொன்னேன். தலையாட்டினார்கள். நான் சொன்னது உண்மையில்லை. உண்மையான கதை டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற கதையில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். என் சம்சாரம் ஜெயா இருந்திருந்தால், "என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க?" என்று சட்டையைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் வாங்கியிருப்பாள். அவள் போய் இது இரண்டாவது கிறிஸ்துமஸ். இப்போது வீட்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஆள் கிடையாது. அதனால் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு என்னைக் கைவிட்டது, அப்பா என்னை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மண்ணெண்ணெயில் நட்டு கழுவினேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அடி வாங்கினேன், ஒருநாள் இஞ்சினைப் பிரித்தேன். எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்குக் கிடைத்த ஒரே விசேஷம் சாமுவேல் மேஸ்திரி.

மேஸ்திரி மற்றவர்களைப் போல வண்டி வந்ததும் போனட்டைத் தூக்க மாட்டார். டிரைவரை ஒரு மர ஸ்டூலில் உட்கார வைப்பார். கடுங்காப்பி வரும். "மொதல்ல இருந்து சொல்லும்" என்பார். சொல்லும்போது குறுக்கே பேச மாட்டார். நாங்கள் யாராவது ஸ்பேனரைக் கீழே போட்டுச் சத்தம் எழுப்பினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். டிரைவர் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "கடைசிக் கை யாருது?"

அதாவது, நோவு தொடங்குவதற்கு முன்னால் கடைசியாக அந்த வண்டியில் கை வைத்தது யார், என்ன செய்தார் என்று அர்த்தம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி தானாகக் கெடாது, யாரோ எதையோ தொட்டிருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. எல்லா நேரமும் சரியாக வராது. ஆனால் ஆச்சரியமாக, பாதிக்கு மேல் சரியாகவே வரும்.

ஒருமுறை புன்னக்காயலில் இருந்து மீன் ஏற்றும் பிக்கப் ஒன்று, இஞ்சின் கொதிக்கிறது என்று வந்தது. டிரைவர் அரைமணி நேரம் பேசினார். கடைசியில், பூச்சி அடிக்கிறது என்று தானே ஒரு பழைய வலைத்துண்டை ரேடியேட்டருக்கு முன்னால் கட்டியதைச் சொன்னார். வலையில் செதிலும் பூச்சியுமாக ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டது, காற்று எங்கே போகும்? வலையை அறுத்தோம், சரியாகிவிட்டது. போகும்போது அந்த ஆள், "எங்க ஊரு சாமியார்கிட்டகூட நான் இம்புட்டுப் பாவசங்கீர்த்தனம் சொன்னதில்ல வே" என்றார். மேஸ்திரி வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், பாட்டுப் பாடுகிறவர், ஆனால் அவருடைய சபையில் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லுகிற வழக்கம் கிடையாது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் காதில் படாமல் அவரைச் சாமியார் என்றே கூப்பிட்டோம்.

அவர் வேலையை விடுவதற்குச் சில வருஷத்துக்கு முன்னால்தான் களக்காட்டு பிக்கப் வந்தது.

பழைய டீசல் வண்டி. வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றித் திருநெல்வேலி மண்டிக்கு வருகிற வண்டி. ஓட்டுகிறவர் இசக்கிமுத்து அண்ணாச்சி, வண்டியும் அவருடையதுதான். ஆனால் அன்றைக்கு ஓட்டிக்கொண்டு வந்தது அவருடைய மகன். சேரன்மகாதேவிக்கு வருகிற ரோட்டில், ஒரு குளத்தங்கரை வளைவில், லோடு ஏற்றி வருகிற நாளெல்லாம் வண்டி நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறதாம். இலை பிந்தி வந்தால் மண்டியில் வாங்க ஆளிருக்காது. இப்படியே போனால் லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார். பில்டர் மாற்றி, பீட் பம்ப் மாற்றி, நாசில் கழற்றிச் சோதித்து, மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்தாயிற்று. மகன் படபடவென்று சொன்னான். இசக்கி அண்ணாச்சி வேப்பமரத்தடியில் நின்று, யாருடைய வண்டியோ என்பது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போதிலிருந்து என்று மேஸ்திரி கேட்டார். அம்மா தவறிப்போன பிறகு என்றான் மகன். கடைசிக் கை யாருது என்றதற்கு ஒவ்வொரு மெக்கானிக்காகச் சொன்னான். மேஸ்திரி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி திரும்பவில்லை.

வண்டி என் கைக்கு வந்தது. டேங்கைத் திறந்து டீசல் பார்த்தேன், குழாய்களில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பார்த்தேன், பாரம் ஏற்றி ஊர் சுற்றி வந்தேன். ஒரு குறையும் இல்லை. கொடுத்தனுப்பினோம். மறுநாளே அதே வளைவில் நின்றது. திரும்ப வந்தது, திரும்பப் பார்த்தேன், திரும்ப நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது.

மேஸ்திரி சொன்னார், "ஏலே, வண்டி இங்கன வந்தா நல்ல பிள்ளையா இருக்கு. வீட்டுல எப்படி இருக்குன்னு போயிப் பாரு."

அப்படித்தான் களக்காட்டுக்குப் போய் அண்ணாச்சி வீட்டில் தங்கினேன். அவர் மட்டும்தான் இருந்தார். மகன் நாங்குநேரியில் குடித்தனம். ரசம் வைத்து அப்பளம் பொரித்துப் போட்டார். ஓர் ஆள் மட்டும் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் கை எட்டுகிற தூரத்திலேயே இருக்கும். அன்றைக்கு அதைப் பார்த்தேன், இன்றைக்கு என் அடுக்களையும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலை, லோடு ஏறிய பிறகு, அண்ணாச்சி ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து வண்டிக்குப் பொட்டு வைத்தார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கண்ணாடிக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று. இவர் நிறுத்தவில்லை. நான்கு டயர், கைப்பிடி, பின்கதவு, நம்பர் பலகை, டேங்க் மூடி என்று கெட்டியாக அப்பிக்கொண்டே போனார். என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் கல்யாணமா என்று கேலி பண்ணினேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது பேச்சி செய்யுத வேல. அவ எங்கெங்க வப்பான்னு நான் ஒருநாளும் பாத்ததில்ல தம்பி. எதையும் விட்டிரக் கூடாதுன்னு எல்லாத்துலயும் வச்சிருதேன்" என்றார்.

பேச்சியம்மாள் அவருடைய சம்சாரம்.

கிளம்பினோம். வண்டி அழகாக இழுத்தது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளம் கண்ணுக்குத் தெரிந்தபோது இஞ்சின் லேசாக விக்கியது. மிதித்தும் ஏறவில்லை, இரண்டு முறை முக்கியது. டீசலுக்குத் தவிக்கிற இஞ்சின் அப்படித்தான் முக்கும். வண்டி நின்றால் டிரைவர்கள் பேசுகிற பேச்சை நான் கேட்டிருக்கிறேன், எழுத முடியாது. அண்ணாச்சியோ அதற்கு முன்னாலேயே இடதுபக்கம் ஒதுக்கியிருந்தார். வண்டி பைய உருண்டு மருதமரத்தடியில் போய் நின்றது.

அவர் இறங்கினார். அந்த வண்டியில் டீசல் முள் எப்போதோ செத்துவிட்டது, அதனால் குச்சி விட்டுத்தான் அளவு பார்ப்பார். குச்சியை எடுத்து, டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்'ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது.

எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. நோவு கிடைத்துவிட்டது. டேங்க் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் டேங்க் உள்ளே வெற்றிடமாகி, ஒரு கட்டத்துக்கு மேல் டீசலை வெளியே விடாது. நிறைந்த டேங்கோடு களக்காட்டில் கிளம்பினால் அந்தக் கட்டம் குளத்தங்கரையில் வருகிறது. மூடியைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும், வண்டி சுகமாகிவிடும், டீசல் குறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் அதிகம் என்பதால் மண்டி வரை தாங்கும். ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் செய்த முதல் காரியமே மூடியைத் திறந்ததுதான், பிறகு எங்கே நோவு தெரியும்? அண்ணாச்சி கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். வாரா வாரம் வைத்த சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து, துளை இருந்த இடமே தெரியவில்லை.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"கேட்டீரா தம்பி?"

"எதை அண்ணாச்சி?"

"அவ மூச்சு விடுதத."

பிறகு சொன்னார். பேச்சியம்மாள் மண்டிக்கு அவரோடுதான் வருவாளாம். டீசல் வாடை அவளுக்கு ஆகாது. களக்காட்டில் ஏறி இந்த வளைவு வருவதற்குள் குமட்ட ஆரம்பித்துவிடும், நிப்பாட்டுங்க நிப்பாட்டுங்க என்று கதவைத் தட்டுவாள். இறங்கி, குளத்தில் முகம் கழுவி, மரத்தடியில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விடுவாள். பிளாஸ்கில் இருக்கும் காப்பியை இரண்டு பேரும் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். பல வருஷமாக அதுதான் வழக்கம். அவசரத்தில் இவர் திட்டிய நாளும் உண்டாம். அவள் போன பிறகு நிற்காமல் ஓட்டினார். கொஞ்ச நாள் கழித்து வண்டி தானாகவே அங்கே நிற்க ஆரம்பித்தது.

"பயவுள்ள நோவுன்னு சொல்லுதான். நோவுல்லாம் ஒண்ணுமில்ல. அவதான் நிப்பாட்டுதா" என்றார். பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி எனக்குக் கொடுத்தார். நான் குடித்தேன். அப்புறம் கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தேன். சந்தனத்தைப் பற்றிச் சொல்லாமலே மண்டி வந்து சேர்ந்தோம்.

மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பேச்சியம்மாள் கதையையும் சேர்த்து. கடைசிக் கை அண்ணாச்சியுடைய கைதான் என்றேன். மேஸ்திரி வெகுநேரம் கைகழுவினார். சோப்பு போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினார்.

"லோடு வண்டி வளைவுல நிக்கி. என்னைக்காவது பின்னால பஸ் வந்து அடிச்சா யாருலே பதில் சொல்லது? தெரிஞ்சுக்கிட்டு விட முடியாது" என்றார். "சரிபண்ணு. சந்தனத்தப் பத்தி அவருகிட்ட மூச்சு விடாத."

மூடியைச் சுத்தம் செய்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே அடைத்துவிடும். அதனால் டேங்கின் கழுத்தில் ஒரு சின்னக் குழாய் பொருத்தி, அதைக் கேபினுக்குப் பின்னால் மேலே கொண்டுபோய், முனையை வளைத்து விட்டேன். அந்த வழியாகக் காற்று போகும். இனி அவர் மூடியில் எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வேலை சுத்தமாக அமைந்தது. மகனிடம் டேங்கில் கொஞ்சம் சிக்கல் இருந்தது, பார்த்துவிட்டோம் என்றேன். வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. மகன் போனில் கும்பிடாத குறையாகப் பேசினான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மழைக்காலம் தொடங்கும்போது அண்ணாச்சி தனியாக வந்தார். லோடு இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். ஆள் இளைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"வண்டி நிக்க மாட்டேங்கு தம்பி."

பிரேக் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க? உடனே வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, கட்டைகளைப் பார்த்து, ஆயில் விட்டு, காற்று எடுத்து, எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். அவர் மேஸ்திரியின் மர ஸ்டூலில் உட்கார்ந்து, தடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மிதித்த இடத்தில் ஆணி அடித்தது போல நின்றது.

நல்லாத்தான நிக்குது என்றேன்.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு. அந்த வளைவுல நிக்க மாட்டேங்கு."

மேஸ்திரி கையில் இருந்ததைக் கீழே வைத்தார். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. அங்க நிக்கணும்னா நீங்களே நிப்பாட்ட வேண்டியதுதான அண்ணாச்சி, இதுக்கா இம்புட்டுத் தூரம் என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். "நிப்பாட்டிப் பாத்தேன். நான் நிப்பாட்டுனா, நான்தான நிப்பாட்டுதேன்."

மேஸ்திரி பக்கம் திரும்பிக் கேட்டார், பழையபடி ஆக்கித் தர முடியுமா என்று. அந்த மாதிரி ஒரு வேலையை யாரும் எங்களிடம் கொண்டுவந்ததில்லை. மேஸ்திரி முடியாது என்றார். சொல்லிவிட்டு ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்தார். கடுங்காப்பி சொன்னார். "மொதல்ல இருந்து சொல்லும்" என்றார்.

அண்ணாச்சி சொன்னார். பெண் பார்க்கப் போனதில் தொடங்கினார். வெயில் சாய்கிறவரை சொன்னார். மேஸ்திரி வழக்கம்போல் குறுக்கே பேசவில்லை. முடிந்தபிறகு கடைசிக் கை யாருது என்று கேட்கவும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் ஜெயாவிடம் இதைச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வளைவுல நின்னீங்கள்லா, அப்போ அவருகூடக் கொஞ்ச நேரம் உக்காந்தீங்களா?" என்றாள். காப்பி குடித்தேன் என்றேன். குடித்ததைக் கேட்கவில்லை, உட்கார்ந்தீர்களா என்று கேட்கிறேன் என்றாள். லோடு பிந்திவிடுமே என்றேன். அவள் கீரையை உருவ ஆரம்பித்துவிட்டாள்.

மேஸ்திரி இப்போது இல்லை. ஜெயாவும் இல்லை. அண்ணாச்சி இருக்கிறாரா என்று இத்தனை நாள் நான் விசாரித்ததில்லை. ஸ்கேனர் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த நினைப்பு என்னை விடவில்லை. வீட்டில் டி.வி. ஓடுகிறது, நான் பார்ப்பதில்லை. யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டு வைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை காலையில் அதை அணைத்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

குளத்தங்கரை வளைவில் மருதமரத்தடியில் பிக்கப் நின்றது. நல்ல ஓரமாக, ரோட்டை விட்டு இறக்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தியிருந்தது. போனட் திறந்திருந்தது. அண்ணாச்சி வேரின்மேல் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பைக்கை நிறுத்தினேன். உற்றுப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி நின்னுட்டா?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"நின்னுட்டு தம்பி."

போனட்டுக்குள் குனிந்தேன். பில்டரைத் தொட்டேன், குழாய்களை ஒவ்வொன்றாக அசைத்தேன், பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் போய் டேங்க் மூடியைப் பார்த்தேன். ஈரம் காயாத சந்தனம் அப்பியிருந்தது. நான் வைத்த குழாய் கேபினுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. அந்த வண்டியில் ஒரு நோவும் இல்லை. சாவியைத் திருப்பினால் ஓடும். அது அவருக்கும் தெரியும்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன நோவு?" என்றார்.

"சூடாயிருக்கு அண்ணாச்சி. ஆறணும்."

"நேரமாகுமோ?"

"ஆகும். பைய ஆறட்டும், நான் இருக்கேன்."

வேரில் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். எனக்கு வீட்டில் ஒரு அவசரமும் இல்லை. அவர் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காப்பியை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"ஒம்ம வீட்டுல சொகமா?" என்று கேட்டார்.

காப்பியை வாங்கிக் கீழே வைத்தேன். முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.